நாலாயிரம் லிஸ்பன்

லிஸ்பனுக்கு நான் போனதில்லை.
ஆனால் அதன் டிராம் வண்டியைப்
பதினோரு தடவை வரைந்திருக்கிறேன்:
மஞ்சளில் ஆறு, சிவப்பில் நாலு,
பையர் மனசு மாறிய ஒரு வெள்ளிக்கிழமை
ஊதாவில் ஒன்று.

மியாமியின் தென்னைகளும் என் கைவேலைதான்.
மாதிரிக்கு நின்றது பல்லடம் ரோட்டில்
பஞ்சர் கடைக்குப் பின்னால் இருக்கும் மரம்.
பெர்லின், ஓஸ்லோ, புரூக்ளின் பாலம்
எல்லாம் எட்டு வருசமாக
இந்த மேசையிலிருந்து கிளம்பி
கன்டெய்னர் ஏறித் தூத்துக்குடி போய்விட்டன.
நான் மட்டும் போயம்பாளையத்தில்,
மாடிப் போர்ஷன், மாசம் ஐயாயிரத்து ஐந்நூறு.

முப்பத்திரண்டு முடிவதற்குள்
குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவளாக
ஏதாவது ஒரு நகரத்தில் இருக்கவேண்டும்.
எந்த நகரம் என்பதுதான்
மூன்று மாச ரோசனை.

கம்பெனி எக்செலில், காஸ்டிங் ஷீட்டுக்குப் பக்கத்துத் தாளில்
நகரங்களை வரிசையாக நிறுத்தினேன்.
வாடகை, தண்ணீர், அட்வான்ஸ் எத்தனை மாசம்,
தனியாகப் பெண் வந்தால் வீடு தருவார்களா,
படத்துக்கு எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்,
எத்தனை பேர் வாழ்த்து மட்டும் கொடுப்பார்கள்,
ராத்திரி பத்து மணிக்கு டீ கிடைக்குமா.

முதல் வாரம் சென்னை ஜெயித்தது.
அட்வான்ஸில் தோற்ற பெங்களூரு
குளிரைக் காட்டி எழுந்துவந்தது.
கூடப் படித்த ரெஜினா இருக்கிறாள் என்று கொச்சி.
அவள் துபாய்க்கு மாறியதும்
அதுவும் அழிந்தது.
கோயம்புத்தூரைச் சேர்க்கவே இல்லை.
ஐம்பது கிலோமீட்டருக்கு யாராவது
வேலையை விடுவார்களா என்று அண்ணன் கேட்பான்.
அவன் கேட்பதற்கு முன்பே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்கிரீன் இழுக்கும் நாகமாணிக்கம்
பிலிம் வாங்க வந்தவர் எட்டிப் பார்த்தார்.
"ஏனுங்க மேடம், புதுப் பையருங்களா?"
இல்லை, நான் போகப்போகிற ஊர் என்றேன்.
நின்று நிதானமாகப் படித்தார்.
"எல்லாம் போட்டிருக்கீங்.
அங்க போயி என்னத்த வரையப்போறீங்கன்னு
ஒரு கட்டம் காணமுங்களே?"
பதிலுக்கு நிற்கவில்லை.
கியூரிங் மெஷின் சூடாகி அவருக்காகக் காத்திருந்தது.

அன்றிரவு அந்த வரியைச் சேர்த்தேன்.
சென்னைக்கு நேராகக் கடல்.
பெங்களூருக்குத் தூங்குமூஞ்சி மரம்.
கொச்சியைத் திரும்ப எழுப்பி, சீன வலை.
அடித்து முடித்ததும் தெரிந்தது,
மூன்றையும் ஏற்கெனவே
சட்டையாகப் போட்டாகிவிட்டது.

கடைசியில் புனே கிடந்தது.
ஒரு சிறுவர் பத்திரிகைக்கு ஆள் வேண்டுமென்று
யாரோ அனுப்பியதற்காக,
மரியாதைக்குச் சேர்த்த பெயர்.
அங்கே என்ன வரைவேன்?
ஒரு மரம் ஞாபகத்துக்கு வரவில்லை.
ஒரு பாலம், ஒரு பட்சி,
ஒரு தெருவின் திருப்பம்கூட.
கரண்ட் போய் யுபிஎஸ் கத்த ஆரம்பித்தபோதும்
அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

முதலில் பொக்கென்று போனது.
அப்புறம் அதே காலியில்
பென்சிலை வைத்துப் பார்க்கத் தோன்றியது.

ஊர் தேர்ந்தெடுக்கும் முறை இது இல்லை,
ஒத்துக்கொள்கிறேன்.
தண்ணி எப்படிடீ அங்க என்றாள் கோகிலவாணி.
விசாரிக்கவில்லை.
என்ன பாசை பேசுவாங்க?
அது தெரியும். பேசத்தான் வராது.

துணி அடுக்குகிறேன்.
எல்லாமே ரிஜெக்ட் ஆனவை:
தையல் விட்ட ஓஸ்லோ, சாயம் ஓடிய பெர்லின்,
அப்புறம் அந்த ஊதா டிராம்.
ஊர்ப் பேரில் நான் ஓர் எழுத்தை விழுங்கி
நாலாயிரம் பீஸும் கம்பெனியிலேயே தங்கி
காதர்பேட்டையில் கிலோ கணக்கில் போனது.
மூன்று மாசம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
இன்றைக்கும் புது பஸ் ஸ்டாண்டில் யாராவது
அதைப் போட்டுக்கொண்டு கரும்பு ஜூஸ் குடிப்பார்கள்.
எழுத்து குறைவதாக ஒருத்தரும் சொன்னதில்லை.

ரயிலுக்கு அதையே போட்டுக்கொள்கிறேன்.
ஒன்றரை நாள் பயணம்,
அழுக்குத் தெரியாத கலர்.